கிரேக்க, இலத்தீன் வேர் கொண்ட கணினிச் சொற்கள்: ஒலிப்பும் எழுத்தும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினித் துறையில் நாள்தோறும் புழங்கும் சொற்களில் பலவும் கிரேக்கத்திலோ இலத்தீனிலோ பிறந்து, ஆங்கிலத்தின் வழியாக நம்மை வந்தடைந்தவை. அவற்றை எப்படிச் சொல்வது, தமிழில் எப்படி எழுதுவது என்று மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. தொழில்நுட்ப நூல்களின் மெய்ப்புகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருவதால், இவற்றில் சில கேள்விகளை நானே எனக்குள் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கில அகராதியைப் பார்த்தால் போதாதா? தமிழில் இதற்கென்று தனி விளக்கம் எதற்கு?

ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஒலி தெரியாமலேயே அதைப் பிழையின்றி எழுதிவிட முடியும். எழுத்துக்கூட்டல் மனப்பாடமாக இருந்தால் போதும். தமிழில் அப்படி முடியாது. ஒலியை முடிவுசெய்யாமல் முதல் எழுத்தைக்கூட நம்மால் வைக்க முடியாது. அதோடு, நம் வல்லின எழுத்துகள் இடத்துக்கு இடம் ஒலி மாறுபவை. ‘தம்பி’ என்னும் சொல்லின் முதலில் நிற்கும் தகரம் வலிந்து ஒலிக்கிறது. ‘அது’ என்பதன் நடுவில் வரும் தகரம் மெலிந்து ஒலிக்கிறது. ‘பத்து’ என்பதில் இரட்டிப்பதால் மீண்டும் வலிந்து ஒலிக்கிறது. தமிழ் பேசுபவர் யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. ஆனால் அயற்சொல்லை எழுத உட்காரும்போது இதை யோசித்தே ஆக வேண்டும். கீழே வரும் விடைகளில் பாதி இந்த ஒரே விதியிலிருந்து கிளைப்பவை. மறுபாதி, சொல்லின் வேரைத் தெரிந்துகொள்வதிலிருந்து வருபவை.

ஈதர்நெட்டா, ஈத்தர்நெட்டா, எத்தர்நெட்டா?

கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் பிணைய முறையின் பெயர் இது. ஒரு பயிற்சிக் கையேட்டின் மெய்ப்பில் இந்த மூன்று வடிவங்களையும் நான் ஒருசேரக் கண்டிருக்கிறேன்: பாடத்தில் ஒன்று, படத்தின் கீழே ஒன்று, கடைசியில் வரும் சொல்லடைவில் ஒன்று. எழுதியவர் கவனக்குறைவானவர் அல்லர். மூன்றுக்கும் அவரவர் காதில் ஒரு நியாயம் இருந்தது.

வேரிலிருந்து தொடங்குவோம். வானத்தின் ஒளிமிக்க மேல்வெளியைக் கிரேக்கர் ‘ஐத்தேர்’ என்றனர். 19ஆம் நூற்றாண்டின் இயற்பியலாளர்கள், ஒளி பரவுவதற்கு எங்கும் நிறைந்த ஓர் ஊடகம் இருந்தாக வேண்டும் என்று கருதி அதற்கு இந்தப் பெயரையே சூட்டினார்கள். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் நடத்திய சோதனையில் அது அகப்படவில்லை. 1973 மே 22ஆம் நாள், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் எழுதிய ஒரு குறிப்பில், எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொள்ளும் கம்பிக்கு இந்தப் பழைய பெயர் மறுபடியும் கிடைத்தது.

கிரேக்கத்தின் ‘ஐ’ இலத்தீனில் ‘ஏ’, ‘இ’ (ae) என்னும் ஈரெழுத்து இணையாக எழுதப்பட்டு, ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ஈ’ என்று ஒலிக்கத் தொடங்கியது. நாம் எந்தத் தயக்கமும் இல்லாமல் ‘விக்கிப்பீடியா’ என்று நெடில் போட்டு எழுதுவதும் இதே வழியில்தான்: அதன் முற்பகுதி விரைவைக் குறிக்கும் ஹவாய் மொழிச் சொல், பிற்பகுதி, கல்வியைக் குறிக்கும் ‘பைதேயா’ என்னும் கிரேக்கச் சொல். ஆகவே முதலெழுத்து ஈகாரமே, ‘எத்தர்நெட்’ பொருந்தாது.

அடுத்து தகரம். ஆங்கிலத்தில் அது வலிந்த ஒலி. ‘ஈதர்’ என்று ஒற்றைத் தகரம் இட்டால் தமிழ் வாய் அதை ‘அது’ போல மெலித்தே படிக்கும். எனவே ‘ஈத்தர்நெட்’ என்பதே ஒலிக்கு நெருங்கிய வடிவம். ‘பைத்தான்’ மொழியின் பெயரைப் ‘பைதான்’ என்று எழுதாமல் ஒற்று மிகுத்து எழுதுவதன் காரணமும் இதுவே. ‘ஈதர்நெட்’ என்பது அச்சில் பரவலாக ஊன்றிவிட்டதால் அதைப் பிழை என்று அடிக்க மாட்டேன். ஒரு நூலுக்குள் ஒரே வடிவம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டேட்டா ஒருமையா, பன்மையா?

இலத்தீனில் பன்மை. ‘தாத்தும்’ என்று நாம் எழுதக்கூடிய சொல், உண்மையில் முதலெழுத்து குறிலாக ஒலிக்கும் ‘தத்தும்’. ‘கொடுக்கப்பட்டது’ என்பது பொருள். அதன் பன்மை ‘தத்தா’, அதாவது ‘கொடுக்கப்பட்டவை’. வடமொழியின் ‘தத்தம்’, ‘தானம்’ ஆகியவை இதன் உறவுச் சொற்கள். ஆங்கிலத்தில் முதல் உயிரை ‘டே’ என்றும் ‘டா’ என்றும் இரு விதமாகவும் சொல்கிறார்கள். இரண்டும் அகராதி ஏற்றவை. தமிழில் ‘டேட்டா’ நிலைபெற்றுவிட்டது. ‘டேடா’ என்று ஒற்றில்லாமல் எழுதினால் நடுவிலுள்ள ஒலி மெலிந்துவிடும்.

ஆங்கிலம் எழுதுவோர் இச்சொல்லுக்கு ஒருமை வினை தருவதா, பன்மை வினை தருவதா என்று நீண்ட காலமாக வாதிட்டு வருகிறார்கள். தமிழில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற செய்தி. நம் இலக்கணத்தில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒரு வகை உண்டு: ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்று பெயர் மாறாமல் நிற்க, வினையே எண்ணைக் காட்டும். ‘தரவு கிடைத்தது’ என்றாலும் ‘தரவு கிடைத்தன’ என்றாலும் இலக்கணம் தடுக்காது.

‘தரவு’ என்ற தேர்வே அழகானது. ‘தா’ என்னும் வினையடியாகப் பிறந்து ‘தரப்பட்டது’ என்னும் பொருளைச் சுமப்பதால், இலத்தீன்காரர் கொண்ட கருத்தையே அது தமிழ் வேரிலிருந்து சொல்கிறது. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். ‘தா’ என்பதற்கும் இலத்தீன் வேருக்கும் உள்ள ஒலி ஒற்றுமை தற்செயலானது. அதைக்கொண்டு உறவு கற்பிக்கக் கூடாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகாரத்தில் முடிகிற எல்லாச் சொல்லும் பன்மை ஆகிவிடாது. மீடியா, ஆட்டோமேட்டா ஆகியவை பன்மை. அவற்றின் ஒருமை மீடியம், ஆட்டோமேட்டன். ஆனால் தரவுத்தளத்தின் கட்டமைப்பைக் குறிக்கும் ‘ஸ்கீமா’ ஒருமை. கிரேக்க முறைப்படி அதன் பன்மை ‘ஸ்கீமேட்டா’.

வைரஸ் என்பதன் பன்மை ‘வைரை’ என்று எழுதலாமா?

கூடாது. இது படித்தவர்களிடம் மட்டுமே காணப்படும் பிழை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இலத்தீனில் ‘உஸ்’ என்று முடிகிற சொற்கள் பல குடும்பங்களைச் சேர்ந்தவை. ‘ஃபோகஸ்’, ‘ரேடியஸ்’ ஆகியவற்றின் பன்மை ஆங்கிலத்தில் ‘ஃபோசை’, ‘ரேடியை’ என்று வருவது சரி. இதைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லா உஸ்-ஸுக்கும் ஐகாரம் பூட்டுகிறார்கள். மொழியியலார் பயன்படுத்தும் ‘கார்ப்பஸ்’ வேறு குடும்பம். அதன் பன்மை ‘கார்ப்போரா’. ‘ஸ்டேட்டஸ்’ இன்னொரு குடும்பம். இலத்தீனில் அதன் பன்மையில் கடைசி உகரம் நீளுமே தவிர வடிவம் மாறாது. ‘வைரஸ்’ நஞ்சைக் குறிக்கும் சொல். நாம் நீரை எண்ணாதது போலவே அவர்கள் நஞ்சை எண்ணவில்லை. பழைய இலத்தீன் எழுத்துகளில் அதற்குப் பன்மையே கிடைக்கவில்லை. ‘விரி’ என்று ஒரு வடிவம் இலத்தீனில் உண்டு; ‘ஆண்கள்’ என்பது அதன் பொருள்.

வடமொழி ‘விஷம்’ இந்தச் சொல்லின் உடன்பிறப்பு. மொழியியலார் இரண்டையும் ஒரே மூலத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். ‘நச்சுநிரல்’ என்று தமிழில் ஆக்கியவர்கள் வேர்ப்பொருளைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் வியப்பானது ‘பஸ்’. கணினியின் உறுப்புகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் தடத்துக்கும், தெருவில் ஓடும் வண்டிக்கும் பெயர் ஒன்றே. இரண்டும் ‘ஆம்னிபஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வால். அது நான்காம் வேற்றுமை ஏற்ற பன்மைச் சொல், பொருள் ‘எல்லார்க்கும்’. இதற்குப் பன்மை தேடுவது, ‘எல்லார்க்கும்’ என்பதற்குப் பன்மை தேடுவது போன்றது. வேர்ச்சொல் முழுவதும் உதிர்ந்துபோய், ‘கும்’ என்னும் கடைசித் துண்டு மட்டும் தனிச்சொல்லாகிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். பஸ்ஸுக்கு நடந்தது அதுதான்.

தமிழில் எழுதும்போது இந்தப் பன்மைகளில் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. வைரஸ்கள், கார்ப்பஸ்கள் என்று ‘கள்’ சேர்ப்பதே முறை. ‘கார்ப்போராக்கள்’ என்பது பன்மைக்குமேல் பன்மை.

பின்னணியில் ஓடும் நிரலை டீமன் என்பதா, டேமன் என்பதா?

டீமன். ஈத்தர்நெட்டுக்குச் சொன்ன அதே விதி இங்கும் செல்லும்: கிரேக்க ‘தைமோன்’, இலத்தீனில் ஈரெழுத்து இணை, ஆங்கிலத்தில் ஈகாரம். ஈத்தர்நெட்டில் அந்த இணையின் முதலெழுத்து உதிர்ந்துவிட்டது. இதில் எழுத்தில் தங்கிவிட்டது. அதைப் பார்த்துத்தான் பலர் ‘டேமன்’ என்கிறார்கள். அப்படிச் சொல்வோர் ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் உண்டு.

1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மேக் திட்டத்தில், ஐ.பி.எம். 7094 கணினியில் வேலைசெய்துகொண்டிருந்த ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர் இப்பெயரைப் பயன்படுத்தத் தொடங்கினர். மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்துக்கொண்டிருப்பதாக ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கற்பனை செய்த ஒரு சிற்றுருவே அவர்களுக்கு முன்மாதிரி. கிரேக்கத்தில் இச்சொல் தேவர்க்கும் மனிதர்க்கும் இடைப்பட்ட ஆற்றலைக் குறித்தது. தீயது என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆகவே இதைப் ‘பேய்’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்பதில்லை. ‘பின்னணிச் சேவை’ என்று பொருளைச் சொல்லிவிடுவது நல்லது. எஸ்.எஸ்.எச்.டி. போன்ற பின்னணிச் சேவைப் பெயர்களின் கடைசி ‘டி’ இந்தச் சொல்லின் முதலெழுத்து.

குபர்நெட்டீஸ் என்பதை எப்படிச் சொல்வது? அது பன்மையா?

பன்மை அன்று. ஈற்றில் உள்ள சகரத்தைப் பார்த்து ஆங்கிலப் பன்மை என்று எண்ணிவிடக் கூடாது. அது கிரேக்க ஆண்பால் ஒருமை விகுதி. ‘குபர்நெட்டீஸ் இயங்குகிறது’ என்று ஒருமை வினையே தர வேண்டும். முதலெழுத்தைக் கூ என்று நீட்டுவோரும் குறுக்குவோரும் உண்டு. ஈற்றில் ‘டிஸ்’ என்போரும் ‘டீஸ்’ என்போரும் உண்டு. கிரேக்கத்தில் ஈற்றுயிர் நெடில் என்பதால் நான் ‘டீஸ்’ என எழுதுகிறேன்.

கப்பலின் சுக்கானைப் பிடிப்பவரைக் குறிக்கும் சொல் இது. நம் பழந்தமிழில் மீகாமன். ‘கன்டெய்னர்’ என்னும் பெட்டிகளில் அடைத்த நிரல்களை நிர்வகிக்கும் இந்த மென்பொருளை 2014இல் கூகுள் அறிவித்தபோது, சரக்குப் பெட்டிகளை ஏற்றிய கப்பலுக்கு மீகாமன் வேண்டும் என்ற கருத்தில் பெயர் அமைந்தது. 1948இல் நார்பர்ட் வீனர் ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்ற துறைப்பெயரை உருவாக்கியதும் இதே சொல்லிலிருந்துதான். ‘சைபர் குற்றம்’ என்று நாளிதழ்கள் எழுதும் ‘சைபர்’ அதன் துண்டு. இலத்தீன் இதே சொல்லைக் கடன் வாங்கிக் ககரத்தை மெலித்துக்கொண்டது. அவ்வழியில் வந்தது ‘கவர்னர்’. ஆக, குபர்நெட்டீஸ், சைபர், கவர்னர் மூன்றும் ஒரே மீகாமனின் மூன்று பெயர்கள். குபேரனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆங்கிலத்தில் சி, எச் சேர்ந்து வந்தால் எப்போது க், எப்போது ஷ்?

கிரேக்கத்திலிருந்து நேராக வந்த சொல் என்றால் க். ஆர்க்கிடெக்சர், ஆர்க்கைவ், ஸ்கீமா, எக்கோ, சின்க்ரனஸ் எல்லாம் இவ்வகை. ‘ஆர்ச்சைவ்’ என்பது எழுத்தைப் பார்த்துப் படித்ததால் வந்த பிழை. பிரெஞ்சு வழியாக வந்திருந்தால் ஷ்: நினைவக இடையகத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ அவ்வாறு வந்தது, ‘கேச்’ என்றும் ‘கேச்சே’ என்றும் சொல்வது தவறு. பணத்தைக் குறிக்கும் கேஷும் இதுவும் ஒலியில் ஒன்றுபோல் இருப்பதால், தமிழில் எழுதும்போது ‘கேஷ் நினைவகம்’ என்று சேர்த்து எழுதுவது படிப்பவருக்கு உதவும்.

‘மெக்கானிக்’, ‘மெஷின்’ ஆகிய இரண்டும் இந்த விதிக்கு நல்ல சான்று. ஒரே கிரேக்க வேர். முன்னது கிரேக்க ஒலியைக் காத்துக்கொண்டது, பின்னது பிரெஞ்சு வாயில் புகுந்து வந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் இரண்டும் ஒரே மூச்சில் ஒலிக்கின்றன.

டொனால்டு குனூத் 1970களின் கடைசியில் உருவாக்கிய அச்சுக்கோப்பு மென்பொருளின் பெயர் ஆங்கில ‘எக்ஸ்’ போன்ற எழுத்தில் முடிகிறது. அது கிரேக்கத்தின் ‘கி’ என்னும் எழுத்து. கலையையும் தொழில்திறனையும் குறிக்கும் ‘தெக்னே’ என்னும் சொல்லின் துண்டு. எனவே ‘டெக்ஸ்’ என்று சொல்லாமல் ‘டெக்’ என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி ஒலி தொண்டையில் உராய்ந்து வருவது. ஆங்கிலம் பேசுவோர் அதற்குத் தவிக்கிறார்கள். ‘எஃகு’, ‘அஃது’ என்று ஆய்தத்தை முறையாக ஒலிக்கத் தெரிந்த தமிழருக்கு அது அருகிலேயே இருக்கிறது. லெஸ்லி லாம்போர்ட் இதன்மேல் கட்டியது லேடெக் அல்லது லாடெக். ‘லேடெக்ஸ்’ என்றால் ரப்பர் பால்.

சூடோகோடும் சூடோவும் ஒன்றா?

தமிழ் எழுத்தில் ஒன்றுபோல் விழுகின்றன. வேர் முற்றிலும் வேறு. முன்னது ‘பொய்யான’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். கிரேக்கர் தொடக்கத்திலுள்ள பகரத்தையும் சேர்த்து ஒலித்தனர். ஆங்கிலம் அதை எழுதிவிட்டு ஒலிக்காமல் விட்டது. தமிழில் அந்தப் பகரத்தை எழுத வேண்டாம். பின்னது 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பிறந்த கட்டளை. பயனரை மாற்றும் ‘சூ’ என்ற கட்டளையோடு ‘செய்’ என்னும் ஆங்கில வினை சேர்ந்தது. ஆகவே அதைச் ‘சூடூ’ என்று எழுதினால் குழப்பம் தீரும்; பிறப்புக்கும் அதுவே பொருந்தும். ‘நெமோனிக்’ என்பதிலும் இதேபோல் முதல் மகரம் ஊமை.

ஜிகாபைட்டா, கிகாபைட்டா?

‘கிகாஸ்’ என்றால் கிரேக்கத்தில் அரக்கன். அங்கே ககரத்தின் மெலிந்த ஒலிதான் முதலில் வந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அந்த ஒலியே மிகுதி. ஆனால் தமிழில் ‘கிகா’ என்று எழுதினால் சொல்முதற் ககரம் வலிந்துவிடும். நினைத்த ஒலி வராது. ‘ஜிகா’ என்பதும் ஆங்கிலத்தில் ஏற்கப்பட்ட ஒலிப்பே என்பதாலும், ஜி.பி. என்ற சுருக்கம் ஊரறிந்தது என்பதாலும் ஜிகாபைட் என்றே எழுதலாம்.

‘டெரா’ என்பதை ‘டெட்ரா’ என்று எழுதக் கூடாது. டெரா, விந்தை உருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. டெட்ரா என்றால் நான்கு. இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு: டெரா, ஆயிரத்தின் நான்காம் அடுக்கு. இந்தப் பொருத்தத்தைப் பார்த்தே 1975இல் ஐந்தாம், ஆறாம் அடுக்குகளுக்கு ‘பென்டா’, ‘ஹெக்சா’ என்னும் எண்ணுப்பெயர்களில் ஓர் ஒலியை உதிர்த்துப் பெட்டா, எக்சா என்று பெயரிட்டார்கள். 2022இல் சேர்ந்த ரோன்னாவும் குவெட்டாவும் இந்த வரிசையின் கடைசி.

நட்சத்திரக் குறியை ஆஸ்ட்ரிக்ஸ் என்கிறார்களே?

ஆஸ்டெரிஸ்க் என்பதே சரி. கிரேக்கத்தில் ‘ஆஸ்டெர்’ விண்மீன். ‘இஸ்க்’ சிறுமையைக் காட்டும் விகுதி. சின்ன விண்மீன் என்பது பொருள். நட்சத்திரக் குறி, உடுக்குறி என்று சொல்ல நம்மிடம் சொல் இருக்கும்போது இதோடு போராட வேண்டியதே இல்லை.

‘இஸ்’ என்று முடியும் சொற்களின் பன்மையை எப்படி வேறுபடுத்துவது?

இங்கே தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடத் தெளிவானது. ஆக்சிஸ் ஒருமை, ஆக்சீஸ் பன்மை. அனாலிசிஸ் ஒருமை, அனாலிசீஸ் பன்மை. குறில் நெடில் வேறுபாடே எண்ணைக் காட்டிவிடுகிறது. மேட்ரிக்ஸின் பன்மை மேட்ரிசீஸ் என்பதைக் கேட்டு, ‘மேட்ரிஸ்’ என்று ஓர் ஒருமையைச் சிலர் தாமாக ஆக்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒரு சொல் இல்லை. நம் பள்ளிப் பாடநூல் தரும் ‘அணி’ என்ற சொல் எல்லா வகையிலும் எளிது.

பிராசசர், கம்ப்யூட்டர் இரண்டும் ‘அர்’ என்றே ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதும்போது ஈற்றில் எந்த உயிர் வரும்?

மானிட்டர், கர்சர், வெக்டர், பிராசசர் போன்றவை இலத்தீன் ‘தோர்’, ‘சோர்’ விகுதிகளின் வழியே வந்ததால் ஈற்றில் ஓகார எழுத்து வரும். மானிட்டர் எச்சரிப்பவர், கர்சர் ஓடுபவர், வெக்டர் சுமப்பவர். கம்ப்யூட்டர், ரவுட்டர், பிரின்டர் ஆகியவற்றில் ஆங்கிலம் தன் சொந்த விகுதியைச் சேர்த்ததால் ‘இ’ (e) என்னும் எழுத்து. முழுக்க நம்பக்கூடிய விதி அன்று. ஆனால் பெரும்பாலும் கைகொடுக்கும்.

சின்டாக்ஸ், இன்டெக்ஸ் இரண்டிலும் ‘ன்டா’, ‘ன்டெ’ என ஒரே டகரம்தானே வருகிறது?

ஆம், இங்கே நம் எழுத்தின் எல்லை தெரிகிறது. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தமிழில் மெலியும். இன்டெக்ஸுக்கு அது பொருந்துகிறது, சின்டாக்ஸுக்குப் பொருந்தவில்லை. ‘சின்ட்டாக்ஸ்’ என்று எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. கண்ணுக்கு உறுத்துவதால் அது நிலைக்கவில்லை. தொடரமைப்பு என்று எழுதிவிடுவதே என் வழக்கம்.

இலங்கைத் தமிழர் எழுதுவது வேறாக இருக்கிறதே, அது பிழையா?

பிழை இல்லை. இன்ரநெற், பற்றரி, ரி.வி. என்று அவர்கள் எழுதுவதற்கு ஒலியியல் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தின் டகர ஒலி நுனிநா பல்லின் பின்முகட்டைத் தொடுவதால் பிறப்பது. தமிழ் டகரத்துக்கு நாக்கு இன்னும் மேலே வளைய வேண்டும். யாழ்ப்பாணத்தில் ‘ற்ற’ ஒலிக்கப்படும் முறை ஆங்கில ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதல்.

அல்காரிதம் கிரேக்கச் சொல்தானே?

தோற்றம் மட்டுமே கிரேக்கம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்து இச்சொல் ஆயிற்று. அவர் இந்திய எண்முறையைப் பற்றி எழுதியது மொழிபெயர்ந்து ஐரோப்பாவுக்குச் சென்றபோது, பெயரும் முறையும் ஒன்றாயின. பழைய ஆங்கில வடிவத்தில் சகர ஒலியே இருந்தது. பிற்காலத்தவர், எண்ணைக் குறிக்கும் ‘அரித்மோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்தித் தகரத்தை நுழைத்தார்கள். முதலில் உள்ள ‘அல்’, அரபு மொழியின் சுட்டு. அதனால் ‘ஆல்காரிதம்’ என்று நெடிலாக்காமல் ‘அல்காரிதம்’ என்றே எழுத வேண்டும். குவாரிஸ்ம் என்னும் ஊர்ப்பகுதியிலிருந்து வந்தவர் என்பது அப்பெயரின் பொருள்.